கண்ணுக்கெட்டாதவரின் பங்கு

பசித்து வந்தவனுக்குச் சோறிடுவது தர்மம் என்பதில் எந்தச் சமயத்துக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால், அந்தச் சோற்றை உண்டு தெம்பு பெற்றவன் எழுந்து சென்று வேறொருவனைக் கொலை செய்வானாயின், அக்கொலையின் பாவத்தில் சோறிட்டவனுக்கும் பங்கு உண்டா என்று கேட்கத் தொடங்கும்போது, அதுவரையில் ஒரே குரலில் பேசிவந்த சாஸ்திரங்களும் நீதி நூல்களும் வெவ்வேறு திசைகளில் பிரிந்து செல்வதைக் காண்கிறோம். இது பண்டிதர்கள் வாதத்துக்காக எழுப்பிக்கொள்ளும் வினாவன்று. யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் வீடிழந்து ஓடிவரும் ஜனங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்வதையே வாழ்க்கைப் பணியாக ஏற்றவர்கள், உலகத்தின் ஏதாவதொரு மூலையில் ஒவ்வொரு நாளும் விடை சொல்லியாக வேண்டிய வினா. அவர்கள் சொல்லும் விடையின்மேல் ஆயிரக்கணக்கான உயிர்கள் தொங்குகின்றன.

நம் நாட்டில் இது குறித்து இருவகைச் சிந்தனைகள் நெடுங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. பாத்திரமறிந்து பிச்சையிட வேண்டும் என்பது ஒன்று. பாமரர் வாயிலும் பழமொழியாக வழங்கும் இக்கருத்துக்குப் பின்னால், தேசம், காலம், பெறுவோனின் தகுதி ஆகிய மூன்றையும் நோக்கியே தானம் செய்யவேண்டும் என்ற பகவத் கீதையின் போதனையும் நிற்கிறது. பசியைக் கண்டவிடத்தில் வேறு விசாரணையே கூடாது என்பது மற்றொன்று. வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், பசித்து வந்தவன் எத்தேசத்தவன், எச்சமயத்தவன், எச்சாதியினன், எத்தகைய நடத்தையுடையவன் என்று ஆராயாமல் அவன் பசியை நீக்குவதே ஜீவகாருண்ய ஒழுக்கம் என்று வற்புறுத்தினார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1859 ஜூன் 24ஆம் தேதி நடந்த பெரும்போருக்குப் பின், வட இத்தாலியில் சால்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பல்லாயிரம் வீரர்களைக் கண்டு நெஞ்சுருகிய ஹென்றி டூனாண்ட் என்ற ஜெனீவா நகரத்து வியாபாரி, அருகிலிருந்த காஸ்டிக்லியோனே ஊர்ப் பெண்களோடு சேர்ந்து, நண்பன், பகைவன் என்ற வேற்றுமையின்றி அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அந்த அனுபவத்தின் பயனாக 1863இல் செஞ்சிலுவைச் சங்கம் உருவாயிற்று. இவ்விருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், தத்தம் சமய உணர்ச்சியின் வழியே, ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: துன்பப்படுவதே தகுதி; அதற்குமேல் வேறொரு தகுதியைத் தேடவேண்டியதில்லை. நிவாரணப் பணியாளர் யாவரும் இன்று ஏற்றுக்கொண்டுள்ள பாரபட்சமின்மை என்னும் விதியின் சாரம் இதுவே.

என் மனம் இயல்பாகச் சாய்வதும் இந்த இரண்டாவது பக்கமே. ஆயினும், ஒரு கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதற்கு நேர்ந்த மிகக் கடுமையான சோதனையின் முன் அதை நிறுத்திப் பார்க்காமல் அதன் எல்லையை நாம் அறிய முடியாது. அத்தகைய சோதனை 1994ஆம் ஆண்டில், மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள கிவு ஏரிக்கரையில் நேர்ந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில், ருவாண்டா தேசத்தில் அதிகாரத்திலிருந்த ஹூட்டு தீவிரவாதிகள், டுட்சி இனத்தாரையும் தங்களுக்கு உடன்படாத ஹூட்டுகளையும் வீடு வீடாகத் தேடிக் கொன்று குவித்தனர். மாண்டோர் சுமார் 8 லட்சம் என்பது ஐக்கிய நாடுகள் சபையார் வழக்கமாகக் கூறும் கணக்கு. ஜூலையில் டுட்சிகளின் தலைமையிலான படை நாட்டைக் கைப்பற்றியவுடன், தோற்ற அரசாங்கத்தின் மந்திரிகளும், ராணுவத்தாரும், இன்டரஹாம்வே என்ற கொலைப்படையினரும், அவர்களால் அச்சுறுத்தப்பட்டோ பழிவாங்கலுக்கு நடுங்கியோ வீட்டைவிட்டு வெளியேறிய சாதாரணக் குடும்பங்களும் ஒன்றாகக் கலந்து எல்லையைக் கடந்தனர். ஜூலை நடுவில் சில நாட்களுக்குள் 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் பேர்வரை, அப்போது ஜயீர் என்று வழங்கிய தேசத்தின் எல்லைநகரமான கோமாவை வந்தடைந்தனர். அங்கே நிலம் இறுகிய எரிமலைப் பாறை. கழிப்பிடத்துக்கு மட்டுமன்று, பிணங்களைப் புதைப்பதற்கும் குழி தோண்ட முடியவில்லை. ஏரித் தண்ணீரையே அனைவரும் அள்ளிக் குடித்தனர். காலராவும் வயிற்றுக்கடுப்பும் பரவி, முதல் மாதத்தில் மாத்திரம் சுமார் 50,000 பேர் மடிந்தனர்.

உலகம் திரண்டு வந்து உதவியது. மருத்துவர்களும் தாதியரும் இரவு பகலாக உழைத்ததன் பயனாகச் சில வாரங்களில் காலரா தணிந்தது. அது தணிந்த பிறகுதான் முகாம்களின் மெய்யான சொரூபம் வெளிப்படலாயிற்று. கிபும்பா, கடாலே, முகுங்கா என்னும் முகாம்களில் ஆட்சி செய்தவர்கள், ருவாண்டாவில் ஆட்சி செய்த அதே தலைவர்கள். உணவுப் பங்கீடு ஆரம்பத்தில் அவர்கள் மூலமாகவே நடந்தது; ஊர் ஊராகப் பிரிந்து தங்கியிருந்த அத்தனை பெரிய கூட்டத்துக்கு விரைவில் உணவு சேர்க்க வேறு வழியும் புலப்படவில்லை. அவர்கள் ஜனங்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி, மிகுந்த உணவை விற்றுப் பணமாக்கினர்; அகதிகளிடம் வரி வசூலித்தனர்; நாடு திரும்ப விரும்பியவர்களை மிரட்டினர், கொல்லவும் செய்தனர். இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி நடந்தது. பின்னர் எல்லை தாண்டிச் சென்று, படுகொலையில் தப்பிப் பிழைத்திருந்தவர்களையும் சாட்சிகளையும் தாக்கிவிட்டு முகாமுக்கே திரும்பினர். குழந்தைகளுக்காகக் கப்பலிலும் லாரியிலும் வந்த தானியம், கொலைகாரர்களின் பொக்கிஷமாகவும் மாறிவிட்டது.

இந்நிலையில் மனச்சாட்சியுள்ளவர்கள் இரண்டு விதமான முடிவுகளுக்கு வந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பின் பிரெஞ்சுக் கிளையினர், இனப்படுகொலை செய்தவர்களின் கரத்தைப் பலப்படுத்தும் பணியில் தாங்கள் தொடர்வதற்கில்லை என்று வெளிப்படையாக அறிவித்து, 1994ஆம் ஆண்டின் இறுதியில் ஜயீரிலும் டான்ஸானியாவிலும் இருந்த முகாம்களைவிட்டு விலகினர். அதே அமைப்பின் வேறு நாட்டுக் கிளையினரோ, உள்ளேயிருந்து கண்டிப்பதே மேல் என்று கருதிப் பின்னும் சில மாதங்கள் அங்கேயே பணியாற்றினர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் ஹைகமிஷனராக இருந்த ஜப்பானிய மாது சடாகோ ஒகாடா, முகாமில் இருப்போரில் பாதிக்குமேல் பெண்களும் குழந்தைகளுமே என்றும், கொலைகாரருக்கு உறவினராகப் பிறந்த குற்றத்துக்காக அவர்களைப் பட்டினி போடுவது நியாயமாகாது என்றும் கருதி, தம் ஸ்தாபனம் விலகுவதற்கு இணங்கவில்லை. ஆயுதம் தாங்கியவர்களை அகதிகளிடமிருந்து பிரிக்கச் சர்வதேசப் படை ஒன்றை அனுப்பும்படி வல்லரசுகளை மன்றாடினார், அனுப்புவாரில்லை. இறுதியில் 1995இல் ஜயீர் ராணுவத்திலிருந்தே 1,500 பேரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொள்ள நேர்ந்தது.

விலகியவர்களின் கட்சியை முதலில் ஆராய்வோம். பாவத்தின் நிழல்கூடத் தன்மேல் விழலாகாது என்ற தாபம் புனிதமானதுதான். ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணபிரான் அர்ச்சுனனுக்குக் கூறும் கௌசிகனின் கதை ஒரு நிரந்தரமான எச்சரிக்கை. எந்நாளும் உண்மையே பேசுவதென்று விரதம் பூண்டிருந்த அந்த அந்தணன், கள்வர்களுக்கு அஞ்சி ஜனங்கள் ஓடி ஒளிந்த இடத்தை, அக்கள்வர்களே வந்து கேட்டபோது, விரதம் கெடாதபடி உள்ளவாறு சொல்லிவிட்டான், ஒளிந்திருந்தவர்கள் கொலையுண்டார்கள், சத்தியவந்தனாகிய அவன் நரகம் புகுந்தான். அவனுடைய சத்தியத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள் என்பதே அவன் செய்த பிழை. ஒருவன் தன் விரதத்துக்காகத் தன் உயிரைக் கொடுப்பானாயின் அது தியாகம். பிறர் உயிரைக் கொடுப்பானாயின் அது விரதமே அன்று. முகாமைவிட்டு வெளியேறும் மருத்துவரின் தூய்மைக்கு, மறுநாள் மருந்தின்றி வாந்திபேதியால் துடிக்கும் குழந்தை விலை கொடுக்கிறது என்றால், அத்தூய்மையை நாம் அவ்வளவு விரைவில் தர்மம் என்று போற்றிவிட முடியாது.

இனி, தங்கியவர்களின் கட்சி. பசியையன்றி வேறெதையும் பாரேன் என்று சொல்பவன், தன் எதிரில் இருப்பவனின் பசியையே சொல்கிறான். அவன் கண்ணுக்கு எட்டாத தொலைவில், எல்லைக்கு அப்பால், ஒரு கிராமத்தில், குடும்பம் முழுவதையும் பறிகொடுத்துத் தான் மட்டும் உயிர் தப்பிய ஒருத்தி இருக்கிறாள். முகாமில் வளர்ந்துவரும் படை அவளைத் தேடி வரப்போகிறது. அவள் அந்த முகாமின் வாசலில் வந்து கையேந்தவில்லை, ஏந்தவும் மாட்டாள். அவளுடைய பெயர் பங்கீட்டு அட்டையில் இல்லை. ஆயினும், அந்தப் பங்கீட்டின் பலனை அனுபவிக்கப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி. எதிரிலிருக்கும் குழந்தைக்கு இரங்கி அவளை மறந்த கருணை, கௌசிகனின் சத்தியத்தைப் போலவே, தன் செலவைப் பிறர் தலையில் கட்டிவிட்ட கருணையாகும்.

நான் இக்கட்டுரையில் சொல்ல வந்த ஒரே கருத்து இதுதான். கருணை கண்ணில் பிறக்கிறது. எதிரே தெரியும் முகமே அதைத் தூண்டுகிறது. அதுவே அதன் பலமும் அதன் குறையும். தர்மம், கண்ணுக்கு எட்டாதவரையும் பந்தியில் உட்காரவைத்துப் பங்கிடச் சொல்கிறது. ஆகவே, என் கை கறைபட்டதா என்று நிவாரணப் பணியாளர் தம்மைக் கேட்டுக்கொள்வது போதாது. என் முடிவுக்கு விலை கொடுக்கப்போகிறவர் யார், அவர் என் கண்முன் இருக்கிறாரா, இல்லாதவிடத்து அவர் சார்பாகப் பேசுவோர் யார் என்பவையே அவர் கேட்கவேண்டிய கேள்விகள்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. வருங்காலத்தை யார் அறிவார்? காணாதவரை எல்லாம் கணக்கிலெடுக்கத் தொடங்கினால் ஒரு பிடி சோறும் எவருக்கும் இட முடியாமல் போகாதா? மேலும், கோட்டையை முற்றுகையிடும் எந்தச் சேனாதிபதியும், உள்ளே செல்லும் உணவு பகைவனுக்கு வலிவு தரும், யுத்தத்தை நீட்டிக்கும், அதனால் மேலும் பல உயிர்கள் போகும் என்றுதானே வாதிக்கிறான்? நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ரா 1967 முதல் 1970 ஜனவரி வரை முற்றுகையில் சிக்கித் தவித்தபோது, ஊலி என்னுமிடத்தில் ஒரு நெடுஞ்சாலையையே விமானத் தளமாக்கி, இருளில் வந்திறங்கிய விமானங்கள் கொண்டுவந்த உணவைப் பற்றியும் இதே வாதம் எழுந்தது. அந்த விமானங்கள் செலுத்திய தரையிறங்கு கட்டணம் பியாஃப்ரா அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணியாகப் பயன்பட்டது என்பது மெய்யே. ஆனால் அதற்காகக் குழந்தைகள் பட்டினியால் சாகட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல நான் ஒருகாலும் துணியேன். காணாதவரைக் கணக்கிலெடுப்பது என்பது, கண்ட பசியைக் காணாததாக்குவதற்கு உரிமைச் சீட்டாகிவிடக் கூடாது.

ஆகையால் இரண்டு நிலைகளைப் பிரித்துணர வேண்டும் என்று கருதுகிறேன். தீமை, தர்மத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்வது ஒரு நிலை. தீமை, தர்மத்தையே தன் கருவியாக்கிக்கொள்வது வேறொரு நிலை. சாலையை மறித்து நிற்கும் ஆயுதக்காரனுக்குச் சில மூட்டைகளைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பசித்தோரிடம் சேர்ப்பது முதல் நிலை. அது இழிவானது, ஆயினும் பொறுத்துக்கொள்ளத்தக்கது. 1985ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் நேர்ந்ததோ இரண்டாவது நிலை. பஞ்சத்தில் அடிபட்ட வடபகுதி மக்களைத் தெற்கே பலவந்தமாகக் குடியேற்றத் திட்டமிட்ட மெங்கிஸ்டுவின் ராணுவ அரசாங்கம், உணவு வழங்கும் நிலையங்களுக்கு வந்தவர்களையே பிடித்து லாரிகளில் ஏற்றிற்று. வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். அங்கே கஞ்சித்தொட்டியே கண்ணியாயிற்று. இதை உரக்கச் சொன்ன எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளையை 1985 டிசம்பரில் அரசாங்கம் நாட்டைவிட்டு வெளியேற்றியது. மற்றப் பல அமைப்புகள், பேசினால் பணி நின்றுபோகும் என்று அஞ்சி மௌனமாகத் தொடர்ந்தன. பின்னர் 1996ஆம் ஆண்டின் இறுதியில் கோமா முகாம்கள் ருவாண்டாவின் துணைபெற்ற படையினரால் தகர்க்கப்பட்டு, 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களில் நாடு திரும்பினர். எஞ்சியவர்கள் மேற்கே காடுகளுக்குள் ஓடினர். அவர்களைத் தேடிச் சென்ற நிவாரணக் குழுவினரின் அடிச்சுவட்டைப் பின்பற்றியே படையினர் சென்று, காட்டைவிட்டு வெளிவந்தவர்களைக் கொன்றனர். காப்பாற்றச் சென்ற கையே காட்டிக்கொடுத்த கையாயிற்று. இத்தகைய இடத்தில் பணியை நிறுத்துவதைத் தவிர வேறு தர்மம் இல்லை.

கோமா இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில் இருந்தமையால்தான் நல்லோர்கள் பிளவுபட்டார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், காலரா எரிந்துகொண்டிருந்த வாரங்களில் யாரையும் விசாரியாமல் மருந்து கொடுத்ததே தர்மம் என்பேன். அது தணிந்து, உணவே படைக்கலமாகத் தொடங்கியபின், காரணத்தை உலகறியச் சொல்லிவிட்டு விலகிய மருத்துவர்களும் தர்மத்தின் வழியிலேயே நடந்தார்கள் என்பேன். வேறு கதியற்றவர்களுக்குக் கடைசிப் புகலிடமாகிய ஹைகமிஷனர் ஸ்தாபனம் விலகாமல் நின்று, படை அனுப்புங்கள் என்று ஓயாமல் கேட்டதும் தர்மமே. பாவம் பெரும்பாலும் யாரைச் சேர்ந்தது என்றால், கொலைகாரரைப் பிரித்தெடுக்கும் வல்லமை இருந்தும், உணவு மூட்டைகளை மட்டும் தாராளமாக அனுப்பிவிட்டுத் தங்கள் கடமை தீர்ந்ததென்றிருந்த அரசாங்கங்களைச் சேர்ந்தது. அரசியல் தைரியத்தால் தீரவேண்டிய துன்பத்தை அன்னதானத்தால் தீர்த்துவிட முடியாது என்பதை ஒகாடா அம்மையார் தம் பதவிக் காலம் முழுவதும் வற்புறுத்தி வந்தார்.

உணவைப் பற்றிய சமரசத்தைவிடக் கடினமானது நாவைப் பற்றிய சமரசம். ஜெனீவாவில் 1942 அக்டோபர் 14ஆம் தேதி சர்வதேசச் செஞ்சிலுவைக் கமிட்டியின் உறுப்பினர்கள் கூடினார்கள். ஐரோப்பாவெங்கும் மக்கள் நாடு கடத்தப்படுவதையும், யூதர்களுக்கு நேர்ந்துவரும் கதியையும் பற்றிய செய்திகள் அவர்களுக்கு எட்டியிருந்தன. போரிடும் தேசங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வேண்டுகோளை வெளியிடலாமா என்பது அன்றைய ஆலோசனை. அந்த வேண்டுகோளின் நகலில் யூதர் என்ற பெயர்கூட இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதலில் அதற்கு ஆதரவாகவே இருந்தனர். மார்கரெத் ஃபிரிக் க்ராமர் என்ற அம்மையார் அதற்காக உறுதியாக வாதாடினார். ஆயினும், அவ்வாண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் ஜனாதிபதியாகவும் கமிட்டியின் உறுப்பினராகவும் இருந்த பிலிப் எட்டர் முதலியோரின் வற்புறுத்தலால் வேண்டுகோள் கைவிடப்பட்டது. அவர்கள் கூறிய காரணம் அற்பமானதன்று. போர்க் கைதிகளைப் பாதுகாக்கும் 1929ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, லட்சக்கணக்கான கைதிகளைச் சென்று பார்க்கவும், அவர்களுக்குக் கடிதமும் பொட்டலமும் சேர்க்கவும் கமிட்டிக்கு வழியிருந்தது. சாதாரண ஜனங்களைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் எதுவும் அன்று இல்லை. பேசினால் இருக்கும் வழியும் அடைபடும் என்று அஞ்சினார்கள்.

இங்கும் அதே நியாயத்தை வைத்துப் பாருங்கள். கண்முன் தெரிந்தவர்கள் கைதிகள். அவர்கள் கடிதம் எழுதினார்கள், பொட்டலம் பெற்றுக் கையொப்பமிட்டார்கள். கண்ணுக்கெட்டாதவர்கள் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஆஷ்விட்ஸுக்குச் சென்றவர்கள். தெரிந்தவர்களுக்காகத் தெரியாதவர்கள் கைவிடப்பட்டார்கள். பார்க்கச் சென்ற இடத்திலும் பார்வை ஏமாற்றப்பட்டது: 1944 ஜூன் 23ஆம் தேதி தெரேஸியன்ஷ்டாட் என்ற யூதக் கொட்டடிக்குச் சென்ற செஞ்சிலுவைப் பிரதிநிதி, தம் கண்ணெதிரில் ஜோடித்து வைத்திருந்ததை மெய்யென்று நம்பிச் சாதகமாகவே அறிக்கை எழுதினார், நெரிசலை மறைப்பதற்காக அதற்குமுன் ஆயிரக்கணக்கானோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தனர் என்பது அந்த அறிக்கையில் இடம்பெறவில்லை. தான் அக்காலத்தில் கடமை தவறியதைப் பிற்காலத்தில் கமிட்டியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. போர்க்காலத்தில் சாதாரண ஜனங்களைப் பாதுகாப்பதற்கான நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் 1949இல்தான் கையொப்பமாயிற்று.

தமிழ் பேசும் நாம் இந்த வினாவைத் தொலைதேசத்து விவகாரமாக வைத்து விவாதிக்கும் நிலையில் இல்லை. 2008 செப்டம்பரில் இலங்கை அரசாங்கம், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாது என்று கூறி, வன்னியிலிருந்து நிவாரண அமைப்புகளை வெளியேறப் பணித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டுப் புறப்பட்டபோது, அவர்களுடைய அலுவலகத்தின் வாயிலில் ஜனங்கள் கூடி, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று இரந்து நின்றார்கள். அவர்கள் உணவுக்காக மட்டும் அப்படி இரக்கவில்லை. பார்க்கும் கண்கள் போய்விட்டால் தங்களுக்கு நேரப்போவது என்ன என்பதை அறிந்தே இரந்தார்கள். பிறகு நேர்ந்ததை உலகம் அறியும். ஒருபுறம் அரசாங்கப் படையின் குண்டுகள், தாக்குதலில்லாப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலும் மருத்துவமனைகளிலும் விழுந்தன; மறுபுறம் விடுதலைப் புலிகள் ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்து, தப்ப முயன்றவர்களைச் சுட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தார் கடல்வழியாகக் காயமுற்றோரைக் கப்பலில் ஏற்றிக் காத்தனர். கொழும்பிலிருந்த ஐக்கிய நாடுகள் அதிகாரிகள், மாண்டோரின் எண்ணிக்கையைத் திரட்டிக்கொண்டே வந்தும், அதைப் பகிரங்கமாக வெளியிடத் தயங்கினர்; வெளியிட்டால் எஞ்சியிருக்கும் பணிக்கும் அனுமதி போய்விடும் என்பதே தயக்கத்தின் காரணம். சார்ல்ஸ் பெட்ரி என்பவரின் தலைமையில் அச்சபையே நடத்திய உள்விசாரணையின் அறிக்கை 2012 நவம்பரில் வெளிவந்தபோது, இந்த மௌனத்தைப் பெருந்தவறு என்று கண்டித்தது.

போர் முடிந்தபின் வந்த சங்கடமும் அதற்குச் சளைத்ததன்று. உயிர் தப்பியவர்களில் ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் பேர், வவுனியாவுக்கு அருகில் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். கூடாரமும் தண்ணீரும் மருந்தும் கொடுக்காவிட்டால் அவர்கள் சாவார்கள். கொடுத்தால், குற்றமற்ற ஜனங்களைச் சிறைவைக்கும் செலவை உலகத்தின் கருணையே ஏற்றுக்கொண்டதாகும். நிவாரண அமைப்புகள் கொடுத்தன. கொடுத்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனால், வேலியை அகற்று என்ற கோரிக்கையைக் கூடாரத்தோடு சேர்த்தே, ஒரே மூச்சில், உரத்த குரலில் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குரல் பல இடங்களில் தணிந்தே ஒலித்தது.

இவற்றிலிருந்து நான் பெறுகின்ற முடிவுகள் மூன்று. முதலாவது, சமரசம் செய்ய நேர்ந்தால் அதைச் சமரசம் என்றே அறிந்து செய்ய வேண்டும். வேறு வழியின்றிச் செய்த தவறு, வேறு வழியின்றிச் செய்தது என்பதனாலேயே தவறாக இல்லாமல் போவதில்லை. குருக்ஷேத்திரத்தில் அசுவத்தாமன் மாண்டதாகச் சொன்ன ஒரு சொல்லுக்காக, அதுவரையில் நிலத்தைத் தொடாமல் ஓடிய தருமபுத்திரரின் தேர் தரையில் இறங்கிற்று என்று மகாபாரதம் கூறுகிறது. யுத்த அவசியத்தை அது மறுக்கவில்லை, தேரை மீண்டும் உயர்த்தவும் இல்லை. செய்ததை ஒரு கடனாக மனத்தில் வைத்திருப்பவன் அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுவான்; அதை நியாயமென்று வழக்கப்படுத்திக்கொண்டவன் நாளடைவில் அத்தீமையின் உத்தியோகஸ்தனாகவே ஆகிவிடுவான்.

இரண்டாவது, விலை கொடுக்கிறவர்களையே கேட்க வேண்டும். முகாமில் உள்ள பெண்களின் கையில் பங்கீட்டு அட்டையை நேராகக் கொடுத்தாலே தலைவர்களின் பிடி எவ்வளவோ தளரும் என்பதை, பல தேசங்களின் அனுபவத்தால் உலக உணவுத் திட்டத்தார் கண்டுகொண்டார்கள். அதுபோலவே, நாங்கள் பேசலாமா, மௌனமாக இருக்கலாமா; இங்கே தங்கலாமா, போகலாமா என்று கேட்டால், அவதிப்படுகிறவர்கள் தெளிவாகவே பதில் சொல்வார்கள். கிளிநொச்சியில் கேட்காமலே சொன்னார்கள். பெரும்பாலும் தொலைநகரங்களில், மாநாட்டு அறைகளில், அவர்களுடைய உயிரைப் பற்றி அவர்களில்லாமலே முடிவு செய்யப்படுகிறது. இது, கண்ணுக்கெட்டாதவர்களை மறக்கும் பிழையின் மற்றொரு வடிவமே.

மூன்றாவது, சோறிடுகின்றவன் அரசனிடம் பேசவும் கடமைப்பட்டவன். இதற்கு நம் இலக்கியத்திலேயே மகத்தான ஒரு முன்மாதிரி இருக்கிறது. மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தினுள் புகுந்து, அங்கே பசியால் வாடிய கைதிகளுக்கு உணவளித்தாள். அவர்கள் என்ன குற்றம் செய்தவர்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த மட்டில் அவள் வடலூர் வள்ளலுக்கும் காஸ்டிக்லியோனே ஊர்ப் பெண்களுக்கும் முன்னோடி. ஆனால் அதோடு அவள் நிற்கவும் இல்லை. செய்தி கேட்ட சோழ மன்னன் அவளை வரவழைத்து, உனக்கு யாது வேண்டும் என்று வினவியபோது, தினந்தோறும் சிறைக்குள் வந்து சோறிட அனுமதி வேண்டுமென்று மாத்திரம் கேட்டிருந்தால், அவன் மகிழ்ந்து கொடுத்திருப்பான். சிறையும் சிறையாகவே இருந்திருக்கும். அவளோ, சிறையையே நீக்கி அதை அறச்சாலையாக்க வேண்டும் என்று கேட்டாள், அவ்வாறே ஆயிற்று.

எல்லா மன்னர்களும் அந்தச் சோழனைப் போல் இணங்கமாட்டார்கள் என்பது உண்மையே. கேட்டவர்களை நாடு கடத்திய மெங்கிஸ்டுக்களும் உண்டு. ஆயினும், பலன் மன்னனின் கையில் இருப்பதால் கேட்கும் கடமை நம் கையைவிட்டு நீங்கிவிடுவதில்லை. உள்ளே செல்லக் கிடைத்த அனுமதியைப் பாதுகாப்பதற்காகவே வாய் மூடியிருக்கும் கருணை, சிறைக்குச் சோறு சுமக்கும் கருணையாகவே முடியும். நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று, வீட்டிலிருந்து பணம் அனுப்பும் நாமும் ஒதுங்கிவிடலாகாது. வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் போருக்கும் நாம் கொடுக்கும் காசு, எத்தனை பேருக்கு உணவாயிற்று என்று கணக்குக் கேட்பதோடு, அந்த உணவைக் கொண்டுசேர்ப்பதற்காக எந்த உண்மை சொல்லப்படாமல் விடப்பட்டது, அதனால் விலை கொடுத்தவர்கள் யார் என்றும் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைச் செலுத்தாதவரை, நாம் செய்த தானம் பாதித் தானமே.